கம்பம் போக வயிற்றைக் கேட்டேன்

ரத்தத்தை முதலில் பார்த்தது கொழுந்துக் காட்டில்தான். எழுபதுகளில் பீர்மேட்டில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தேன். ஒதுங்கச் செடி மறைவு தாராளம். சீதபேதி என்று நினைத்து எஸ்டேட் மருந்துத் தண்ணியை ஒரு வருஷம் குடித்தேன். பெரிய ஆஸ்பத்திரியில்தான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்புறம் புண்ணாகி ரத்தம் கசியும் நோய்) என்றார்கள்.

மாத்திரையில் ரத்தம் நின்றது. "இதோட போயிருமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"குறையும். பின்னேயும் வரும். மருந்து மட்டும் நிறுத்த வேண்டா" என்றார் மலையாள டாக்டர். அப்படியானால் நான் நோயாளியா இல்லையா? ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போதுதான் கம்பத்தில் கட்டிக்கொடுத்த மகள் செல்வியைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. குறித்த நாளில் பகல் பன்னிரண்டுக்குள் நல்ல நேரம். அதை விட்டால் பத்து நாள் ஆகும். அதற்குள் பிள்ளை அங்கேயே பிறந்துவிடுமோ என்று பயந்தேன். காட்டில் எனக்குக் கவலையில்லை. பஸ்ஸில் எங்கே ஒதுங்குவது?

முந்தின நாள் மத்தியானமே சாப்பாட்டை நிறுத்தினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். காலி வயிறு இன்னும் மோசமாக முறுக்கியது. மாற்றுச் சேலை, பழந்துணி வைத்துப் பையைக் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். போகலாமா என்று வயிற்றையே கேட்டேன். அது இரண்டு பதிலும் சொன்னது.

பஸ் ஏறியதும் என் வீட்டுக்காரர் சத்தமாகச் சொன்னார்: "டிரைவரண்ணே, இவளுக்கு வயித்துல புண்ணு. சொன்னா கொஞ்சம் நிப்பாட்டுங்க." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

பாதி வழியில், குமுளிக்கு முன்பே நிப்பாட்டச் சொல்ல வேண்டியதாயிற்று. நான் இறங்கினேன். பின்னாலேயே ஆறு பெண்கள் இறங்கினார்கள்.

"நல்லவேள கேட்டீங்கக்கா. ஏறுனதுலருந்து அடக்கிட்டு வாரேன்" என்று சொல்லி ஒருத்தி மறைப்புக்குச் சேலை பிடித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இன்னொரு இடத்திலும் நின்றோம். கம்பம் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. சம்பந்தியம்மா வாசலில் நின்றார். பஸ்மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஆனால், "வயித்துக்காக ரெண்டு எடத்துல நிக்க வேண்டியதாப் போச்சு மதினி" என்றேன்.

அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். "நாளைக்குக் காலையில இருக்கிறதே நல்ல நேரம்னு வச்சுக்குவோம். நீங்க மொதல்ல கொல்லைப்பக்கம் போயிட்டு வந்து கஞ்சி குடிங்க" என்றார்.

மறுநாள் செல்வியோடு பஸ் ஏறினேன். டிரைவரிடம் இந்தத் தடவை நானே சொன்னேன். நிறைமாதக்காரி, அவளுக்கும் அடிக்கடி இறங்க வேண்டியிருந்தது. எப்போது வீடு போய்ச் சேருவோம் என்று நாங்கள் கேட்கவில்லை. என் வயிறும் அவள் வயிறும் சொன்ன இடத்திலெல்லாம் பஸ் நின்றது.