ஊசி வைத்த மாத்திரையும் என் சகலையும்

எனக்கும் என் சகலைக்கும் சர்க்கரை நோய். அதில் அவரைவிட நான் ஆறு வருடம் மூத்தவன். ஆனாலும் மாமியார் வீட்டுக்குப் போனால் சர்க்கரை போடாத காபி ஞாபகமாக அவருக்குத்தான் வரும். எனக்கு வருவது பாயசம்போல இனிக்கும். இதைச் சொன்னால் என் மனைவி சிரிப்பாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்ததும் அவர்தான். மாத்திரைக்குள் குட்டி இயந்திரம். விழுங்கினால் இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குப் போய், அங்கே மேலுறை கரைந்து, உள்ளிருக்கும் சின்ன ஊசி இன்சுலினைக் குடல் சுவரில் ஏற்றிவிடும். குடலுக்கு அந்த வலி தெரியாதாம். வேலை முடிந்ததும் மலத்தோடு வெளியே வந்துவிடும். தினமும் இரண்டு வேளை குத்திக் குத்தி என் வயிறு தடித்துக் கிடந்தது. அந்த மாத்திரை எனக்குக் கிடைக்க வேண்டும், அதுவும் அவருக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் திங்கள், அவருக்குப் புதன். வெறும் வயிற்றோடு வர வேண்டும், தவறினால் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்கள். திங்கள் விடியலில் நான் எதுவும் சாப்பிடவில்லை. ஒரு சொம்பு ராகிக் கூழ் மட்டும் குடித்தேன். எங்கள் பக்கத்தில் கூழ் குடித்தவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். நர்ஸிடம் நானும் அப்படித்தான் சொன்னேன். ஸ்கேனில் கூழ் தெரிந்துவிட்டது.

"கெளம்பறப்பவே போன் பண்ணிச் சொல்லியிருந்தா வேற நாள் குடுத்திருப்போமே" என்றபடி நர்ஸ் என் பெயரை அடித்தார்.

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. என் குடல் இதற்கு ஆகாதாம் என்று வீட்டில் சொல்லி வைத்தேன்.

புதன்கிழமை, வழி தெரிந்தவன் என்று சகலை என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். கம்பைநல்லூரிலிருந்து காரிமங்கலம் வந்து என்னோடு பஸ் ஏறினார்.

"ஒண்ணும் சாப்புடலீங்க சகலை. கூழு மட்டுந்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்றார்.

ஒரு போன் செய்திருந்தால் அவர் பெயர் தப்பியிருக்கும். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி போனது, ஓசூர் போனது, நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கிடைக்காதது அவருக்கும் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த மூன்று மணி நேரமும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அதே நர்ஸ், அதே ஸ்கேன். அவர் பெயரையும் அடித்தார்கள். அவர் வாதாடவில்லை. என் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"என்னை வுடுங்கம்மா. இவரு குடலு ஆகாதுன்னீங்களாம். இன்னொருக்கா பாத்து இவருக்காச்சும் குடுங்க. ஊசி குத்த இவரு வயித்துல எடமே இல்லீங்க."

நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"குடலுக்கென்ன, நல்லாத்தானே இருக்கு? இவரும் திங்கக்கெழம கூழ் குடிச்சிட்டு வந்தாரு. அதான் எடுத்தோம்."

சகலைக்கு முதலில் புரியவில்லை. பிறகு என் முழங்கையிலிருந்து கையை எடுத்தார்.

"பஸ்ஸுலயே உங்ககிட்ட சொன்னேனேங்க" என்றார்.