கெண்டைக்காலுக்கு ஒரு விளக்கம்

பதினாறு வருடமாக மருத்துவமனையில் அடுத்தவர் கால்களை நீவி, மடக்கி, நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள் அவள். ஒருநாள் மீன் விற்கும் பெண் ஒருத்தி காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் துடித்தாள்.

"உள்ள கெண்டை துள்ளுதும்மா, புடிச்சு நிறுத்தேன்!"

பாதத்தை மேல்நோக்கி வளைத்து அழுத்தினாள். தோலுக்கடியில் சதை நிஜமாகவே மீன்போலத் திரண்டு, வழுக்கி, அடங்கியது. கெண்டைக்கால் என்று ஆயிரம் முறை சொன்ன வாய்தான். மீன் என்று அன்றுதான் உறைத்தது.

அப்புறம் பித்துப் பிடித்தாற்போல் நூலகத்து அகராதிகளைப் புரட்டினாள். கெண்டை என்றால் மீன். சரிகைக்கும் அந்தப் பெயர் உண்டு. பாட்டில் வந்தால் பெண்ணின் கண். எல்லாவற்றையும் நான்கு பக்கத்தில் எழுதி அக்காவிடம் கொடுத்தாள். அக்கா தமிழ்ப் பேராசிரியை, உடலியல் அகராதிக் குழுவில் இருந்தாள்.

"பிரமாதம்டி! உன் பேரோட உள்ள கொண்டுவர்றது என் பொறுப்பு."

அகராதி வந்தது. 'கெண்டைக்கால்: முழங்காலுக்குக் கீழே பின்புறத் தசை.' அவ்வளவுதான்.

"தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன்டி, ஒருத்தரும் ஒத்துக்கல," என்றாள் அக்கா. தங்கைதான் அவளுக்கு ஆறுதல் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து முதுகுவலி என்று அகராதிக் குழுவின் செயலாளர் அவளிடம் வந்தார். பேச்சுவாக்கில், தான் எழுதியது என்று சொல்லாமல், கெண்டைக் குறிப்பு என்னவாயிற்று என்று கேட்டாள். அவர் குப்புறப் படுத்தபடியே சிரித்தார்.

"அதுவா? எங்களுக்கெல்லாம் ரொம்பப் புடிச்சிருந்தது. பேராசிரியையம்மாதான், யாரோ கால் புடிக்கிறவ எழுதினதை அச்சுல ஏத்தினா நாலு பேர் சிரிப்பாங்கன்னு எடுக்கச் சொன்னாங்க."

அவள் கை நிற்கவில்லை. கண்தான் மங்கியது.

அன்று மாலையே அக்கா வீட்டு வாசலில் நின்றாள். "யாரோவாக்கா நான்?"

அக்காவின் முகம் செத்துப்போனது. "என் நிலைமையையும் பாருடி. தங்கச்சிக்குச் சலுகைன்னு பேசுவாங்க..."

"தங்கச்சின்னே நீ சொல்லலையேக்கா."

அக்கா பேச்சை மாற்றி, உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். இவள் செருப்பைக் கழற்றவேயில்லை. நான்கு பக்கத்தையும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு நடந்தாள்.

மறுவாரம் அந்தப் பக்கங்களில் தன் பெயரை முழுதாக எழுதிச் செயலாளரிடம் தானே கொடுத்தாள். அடுத்த பதிப்பில் சேர்க்கலாம் என்றார். அது எப்போது வருமென்று அவருக்கே தெரியவில்லை.

அக்கா மூன்று முறை போன் செய்தாள். நான்காவது முறை எடுத்தவள், "அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். இன்றுவரை இருவருக்கும் பேச்சு அவ்வளவுதான்.