இடது பக்கம் வருபவர்

என் சித்தப்பா எங்கள் ஊர் ஏரியில் நீந்தும்போது இடது பக்கம் மட்டும்தான் முகத்தைத் திருப்பி மூச்சு வாங்குவார். கேட்டால், அந்தப் பக்கம் என் அப்பா கூடவே வருகிறார் என்பார். அப்பாவோ நான் நடக்கப் பழகுமுன்பே அதே திருநின்றவூர் ஏரியில் மூழ்கிப் போனவர். சந்தைக்குப் போய்வந்த கதை மாதிரி, "இன்னிக்கு அண்ணன் ஜோரா வந்துச்சு அண்ணி, நானும் முந்த உடலியே" என்பார் சித்தப்பா. "வாயக் கழுவு தம்பி" என்று அம்மா அடுப்பைப் பார்த்துத் திட்டுவாள்.

ஒரு விடியற்காலை நானும் பார்த்துத் தொலைத்தேன். பனிமூட்டத்தில் சித்தப்பா அக்கரையிலிருந்து நீந்தி வந்துகொண்டிருந்தார். அவர் கை தண்ணீரில் விழும் சத்தத்துக்குச் சற்றுப் பின்னால் இன்னொரு கை விழும் சத்தம் கேட்டது. அவருக்கு இடப்பக்கம் ஆளே இல்லாமல் தண்ணீர் பிளந்துகொண்டு வந்தது. அவர் கரையேறினார். அந்தப் பிளவு கரைவரைக்கும் வந்து, கொஞ்சம் நின்று, திரும்பிப் போனது. ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் உளறினேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பட்டணத்துத் துரைமார் சித்தப்பாவைக் கப்பலேற்றி, பல தேசத்தார் மோதும் நெடுந்தூர நீச்சல் பந்தயத்துக்கு அனுப்ப இருந்தார்கள். ஊரே அவர் ஜெயித்து வருவார் என்று மார்தட்டிக்கொண்டிருந்தது. "அண்ணன் பக்கத்துல கீற வரைக்கும் என்னை எவனும் முந்த முடியாது அண்ணி" என்றார் அவர். அம்மாவுக்கு அதுதான் பயம். செத்தவர் துணைக்கு ஆள் தேடுவார், நடுக்கடலில் இழுத்துக்கொள்வார் என்று நினைத்தாள். பூந்தமல்லிப் பூசாரியிடம் தாயத்து மந்திரித்து வந்து சித்தப்பாவின் புஜத்தில் இறுக்கிக் கட்டினாள்.

"இனிமே எதுவும் உன்னை அண்டாது. திரும்பி வர்ற வரைக்கும் அவுக்காத தம்பி. எம்மேல ஆணை."

அவர் அம்மை குத்திக்கொள்ளும் பிள்ளை மாதிரி முகத்தைச் சுளித்தார். ஆனால் அண்ணி சொல்லைத் தட்டவில்லை.

பல மாதங்கள் கழித்து, பாதி ஆளாகத் திரும்பி வந்தார். பந்தயத்தில் எல்லோருக்கும் கடைசியாக வந்தாராம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட வைக்கவில்லை.

"அங்க தண்ணி கண்ணாடியாட்டம் கீது அண்ணி. அடித்தரைகூடத் தெரியுது. எல்லாரும் முன்னால பூட்டாங்க. நான் இடது பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்துகினே இருந்தேன். வரல. ஏரியிலயும் காலைல எறங்கிப் பாத்தேன். வெறும் தண்ணிதான்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் புஜத்தில் இன்னும் இருந்த தாயத்தையே பார்த்தாள். பிறகு, எனக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

"எம்மேல கோவமா கீறாரா தம்பி?"

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பந்தயம் நடத்திய துரையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று அந்த வயதில் நான் நினைத்தேன். ரயில்கூட ஏறாத அம்மாமேல், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்த மனுஷனுக்கு என்ன கோபம் என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.