பேர் எழுதாத கேப்சூல்

மறைமலைநகரில் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டச் சொல்லித்தருகிறவள் அன்பரசி. போர்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது. பழைய ஸ்கூட்டி ஒன்று, ஹெல்மெட், கையில் போன், அவ்வளவுதான். கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் ஒருத்தி சொல்லி இன்னொருத்தியாக வருவார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில், தொழிற்பேட்டையின் அகல ரோட்டில் லாரிகள் இறங்குவதற்கு முன்னால் கிளாஸ். பழகுகிறவள் முன்னால் உட்காருவாள். அன்பரசி பின்னால் உட்கார்ந்து, தன் கைகளை அவள் கைகளின் மேல் வைத்துக்கொள்வாள். பயத்தில் ஆக்சிலேட்டரை முறுக்குகிற கையை அடக்குவதும், சமயத்தில் பிரேக்கை அழுத்துவதும் அன்பரசியின் விரல்கள்தான்.

நாற்பது வயதைத் தாண்டியதும் முதலில் மக்கர் பண்ணியது அந்த விரல்களே. காலையில் எழுந்தால் கை மடங்காது. கணுக்கள் வீங்கி, தொட்டால் சுடும். பல் துலக்கும் பிரஷ் நழுவி விழும். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். ஆனால் கிளாஸ் நேரம் விடியற்காலை ஆயிற்றே. தெருமுனை கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். போட்டால் மத்தியானம் வரை தாங்கும், பிறகு வயிறு எரியும். கொஞ்ச நாளில் அந்த அரைநாளும் சுருங்கிப்போயிற்று. கையிலிருந்த வலி முழங்காலுக்கும் இறங்கியது.

ஒரு நாள் ரெபேக்காள் என்ற பெண்ணுக்கு கிளாஸ். உதிரிபாகக் கம்பெனியில் வேலை, சொந்த ஊர் திருவிடந்தை. திருப்பத்தில் எதிரே மாடு வர, அவள் பதறிப்போய் முறுக்கிவிட்டாள். அன்பரசி பிரேக்கை அழுத்தினாள். அழுத்தியதாகத்தான் நினைத்தாள், விரல் மூடவே இல்லை. வண்டி கால்வாய்க்குள் இறங்கியது. ரெபேக்காளுக்கு முட்டியில் தோல் கிழிந்து ரத்தம்.

"பரவால்லக்கா, நீ என் மேல விழல, அதுவே போதும்," என்று அவள்தான் அன்பரசியைத் தூக்கிவிட்டாள்.

அன்பரசி அன்றோடு கிளாஸை நிறுத்தினாள். இன்னொருத்தியின் உயிர் தன் விரலில் இருக்கும்போது, அந்த விரலைத் தானே நம்பாமல் எப்படி உட்காருவது?

அவள் புருஷன் சீனு கம்பெனி பஸ் டிரைவர். பொண்டாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போவதை அவனால் பார்க்க முடியவில்லை. கூட வேலை செய்கிற டிரைவர் ஒருத்தர் ஒரு வைத்தியரைப் பற்றிச் சொன்னார். மாதம் ஒரு முறை எங்கிருந்தோ வந்து, வாடகை ரூமில் உட்கார்ந்து மூட்டுவலிக்கு மருந்து தருகிறாராம். சீனு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அந்த ஆள் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, காகிதப் பொட்டலத்தில் வெள்ளைக் கேப்சூல் கொடுத்தார். மேலே பேரும் இல்லை, ஒன்றும் இல்லை.

"மூலிகைதான். ஆஸ்பத்திரியில இத்தப் பத்தி வாயே தொறக்காதீங்க. அவங்க மாத்திரையோட சேந்தா வேலை செய்யாது," என்றார்.

மறுநாள் காலையிலேயே கை மடங்கியது. சில நாளில் வீக்கம் வடிந்தது. அன்பரசி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள். சீனு வாசலிலேயே நின்று பார்த்தான்.

"இன்னா அப்டிப் பாக்குற?"

"ஒண்ணுல்ல. நீ நறுக்கு."

கிளாஸ் மறுபடி தொடங்கியது. விசாரித்தவர்களுக்கெல்லாம் அன்பரசி வைத்தியரின் நம்பரைக் கொடுத்தாள். ரெபேக்காளின் அப்பா கருப்பன் ஈசிஆர் ரோட்டோரம் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்ப்பவர். அவருக்கும் இதே போலக் கையும் முட்டியும் வீங்கிக் கிடந்தன. அவருக்கும் அதே கேப்சூல் போயிற்று. மண்வெட்டி பிடிக்கிறார் என்று ரெபேக்காள் போனில் அழுதாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. அன்பரசியின் முகம் உருண்டது. உடம்பு தேறிவிட்டாள் என்று தெருவில் சொன்னார்கள், அவளுக்கும் சந்தோஷம்தான். லேசாக இடித்தாலே கையில் ஊதா நிறமாகக் கன்றிப்போவதை மட்டும் முழுக்கை சட்டைக்குள் மறைத்துக்கொண்டாள். சர்க்கரையும் ஏறியிருந்தது. அதைத் தனி வியாதி என்று நினைத்தாள்.

பிறகு ஒரு மாதம் அந்த வைத்தியர் வரவில்லை. ரூம் பூட்டிக் கிடந்தது, போனும் எடுக்கவில்லை. போலீஸ் தேடுகிறது என்று பேச்சு. பொட்டலம் தீர்ந்தது. கூடவே அவளுக்கு ஜுரமும் வந்தது. நாள் போகப் போக வாந்தி நிற்கவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஒரு மத்தியானம் சமையல்கட்டிலேயே சரிந்தாள். சீனு ஆட்டோவில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

அவசரப் பிரிவில் சுஜாதா என்ற டாக்டர். பிரஷர் எடுத்தார். இரண்டாம் தரமும் எடுத்தார். இறங்கிக்கொண்டே இருந்தது.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா?"

"இல்ல மேடம்," என்றான் சீனு.

"நாட்டு மருந்து, பொடி, கேப்சூல்?"

சீனு தரையைப் பார்த்தான். சொன்னால் வேலை செய்யாது என்ற வார்த்தை இன்னும் அவன் காதில் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது: கூட்டிக்கொண்டு போனவன் அவன். ஸ்ட்ரெச்சரில் அன்பரசியின் உதடு வெளுத்திருந்தது. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். திரும்பவில்லை.

"கேப்சூல் மேடம். நான்தான் வாங்கிக் குடுத்தேன். வெள்ளக் கேப்சூல். ஒரு வருஷமா துன்னுகினு இருந்தா. தீந்து போச்சி."

டாக்டர் அவனைத் திட்டவில்லை. அதற்கு நேரம் இல்லை. நர்ஸைக் கூப்பிட்டு ஊசி சொன்னார், குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அன்பரசி கண் திறந்து தண்ணீர் கேட்டாள். சீனு அவள் தலையைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தான்.

வார்டுக்கு மாற்றிய பிறகுதான் டாக்டர் சுஜாதா விளக்கினார். அந்தக் கேப்சூலில் மூலிகை இல்லை, ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும். டாக்டர்களும் தருகிற மருந்துதான்; ஆனால் அளவோடு, கண்காணிப்போடு. முகம் உருண்டதும், தோல் கன்றியதும், சர்க்கரை ஏறியதும் அதனால்தான். தினமும் வெளியிலிருந்து அது வந்துகொண்டே இருந்ததால், உடம்பு தனக்கு வேண்டியதைத் தானாகச் சுரப்பதை விட்டுவிட்டது. திடீரென்று நிறுத்தியதும் உடம்பு படுத்துவிட்டது. இப்போதும் ஒரேயடியாக நிறுத்த முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மூட்டு வாதத்துக்கு வேறு மாத்திரை, வாரம் ஒரே ஒரு நாள். தப்பித்தவறிக்கூட தினமும் போடக்கூடாது. ரத்தப் பரிசோதனை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

"அந்தக் கேப்சூல் மாரி வலி போயிடுமா மேடம்?" என்று கேட்டாள் அன்பரசி.

"அவ்வளவு சீக்கிரம் போகாது. மாசக்கணக்கா ஆகும். நல்லாக் குறையும். ஒண்ணுமே இல்லாமப் போகும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாதும்மா."

அன்பரசி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு வந்த மாதங்கள்தான் மோசம். பழைய மருந்து குறையக் குறைய வலி திரும்பியது. புதியது இன்னும் பிடிக்கவில்லை. மாத்திரை போட்ட மறுநாள் குமட்டல். சீனு டூட்டிக்குப் போகும் முன் சோறு வடித்து வைத்தான். அவள் முகத்தை நேராகப் பார்க்காமல் வேலை செய்தான். ஒரு நாள் அவளே சொன்னாள்:

"நீ இன்னா வேணும்னேவா செஞ்ச? நான் படற பாட்டப் பாக்க முடியாமத்தான கூட்டிகினு போன. விடு."

அவன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். குழாய்த் தண்ணீர் சத்தத்தில் அவன் அழுகிறானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நடக்க முடிந்த முதல் வாரமே அவள் சீனுவோடு பஸ் ஏறித் திருவிடந்தைக்குப் போனாள். கருப்பன் பங்களாத் தோட்டத்தில் செடி வெட்டிக்கொண்டிருந்தார். அவர் முகமும் உருண்டிருந்தது. கேளம்பாக்கம் பக்கம் வேறொரு ஆளிடம் அதே மாதிரி கேப்சூல் வாங்கிக்கொண்டிருந்தார். அன்பரசி நடந்ததையெல்லாம் சொன்னாள். திடீரென்று நிறுத்தாமல் ஆஸ்பத்திரியில் வந்து காட்டச் சொன்னாள். அவர் கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"நீதான சொன்ன, துன்னு பாரு, நல்லா கீதுன்னு?"

"ஆமாப்பா. நான்தான் சொன்னேன்."

"நல்லாத்தான் கீது. இத்தத் துன்றதுக்கு முன்னாடி கக்கூஸ்ல குந்த முடியாது எனுக்கு. பொண்ணு தூக்கி விடணும். இப்போ சுத்தமா வலி இல்ல. இத்த விட்டுட்டு வலிய வாங்கிக்கச் சொல்றியா?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சீனு, "நாம சொல்லிட்டோம்," என்றான். அவள் தலையசைத்தாள். ஆனால் முதலில் சொன்னதும் அவள்தானே.

ஆடியில் கருப்பனின் கால் கட்டைவிரலில் முள் ஏறியது. அவருக்கும் சர்க்கரை, அவருக்குத் தெரியாது. புண் ஆறாமல் கறுத்தது. ரெபேக்காள் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அன்பரசி போய் வார்டில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். ரெபேக்காள்தான் டீ வாங்கி வந்து நீட்டினாள். கோபமாக இருக்கிறாளா என்று அன்பரசி அவள் முகத்தில் தேடிப்பார்த்தாள். களைப்புதான் தெரிந்தது.

இப்போது அன்பரசி கிளாஸைக் காலை பத்து மணிக்கு மாற்றிவிட்டாள். கைகள் இளகிய பிறகுதான் வண்டியைத் தொடுகிறாள். ஷிப்டுக்குப் போகிற பெண்கள் வர முடிவதில்லை. குழந்தையை ஸ்கூலில் விட்டுவிட்டு வருகிறவர்கள் மட்டும் வருகிறார்கள். மழை நாளில் கிளாஸ் கிடையாது. மூட்டு வாத ஓ.பி.க்கு மாதா மாதம் போகிறாள். போன முறை அங்கே பெஞ்சில் கருப்பன் உட்கார்ந்திருந்தார், காலில் கட்டோடு. பக்கத்தில் ஊன்றுகோல். அவர் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

அவள் உட்கார்ந்ததும் அவர் கேட்டார்:

"உனுக்கு வலி போயிடுச்சா?"

"போவலப்பா. கொறைஞ்சி கீது."

"எவ்ளோ?"

அதை எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்தாள்.

"காலைல கொஞ்ச நேரம் கட்டை மாரிதான். அப்பறம் தோசை திருப்பறேன், தலை பின்னிக்கறேன். பிரேக் அழுத்தறேன், நல்லாவே அழுத்தறேன். தண்ணி பாட்டில் மூடி மட்டும் இன்னும் அவர்தான் தொறந்து குடுக்கணும்."

கருப்பன் தன் வீங்கிய விரல்களை மடக்கிப் பார்த்தார். பாதிதான் மடங்கியது.

"எத்தினி மாசம் ஆச்சி உனுக்கு?"

"நாலு மாசம் வரைக்கும் ஒண்ணுமே தெரியல. தூக்கிப் போட்டுடலாம்னு இருந்துச்சி."

"எனுக்கு இப்பதான் ரெண்டாவது."

"ஆங்," என்றாள் அன்பரசி. "இன்னும் கொஞ்சம் பாரு."

உள்ளேயிருந்து கருப்பனின் பேரைக் கூப்பிட்டார்கள். அவர் ஊன்றுகோலைத் தேடினார். அன்பரசி எழுந்து அவர் கைக்குக் கீழே தோளைக் கொடுத்தாள். இரண்டு பேருக்குமே எழுந்து நிற்கச் சற்று நேரம் பிடித்தது.