சூடு நிற்காத பெட்டி

பச்சிளங்குழந்தைகள் வார்டின் மெக்கானிக்குக் காதுதான் கருவி. இன்குபேட்டர் பெட்டியில் ஹீட்டரை இணைத்தும் துண்டித்தும் வைக்கிற பழைய ரிலே 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஓசை மாறினால் உள்ளே முனை கருகுகிறது என்று அர்த்தம்.

மாற்றி மாற்றி அலுத்துப்போய், ஒரு பெட்டியில் சாலிட் ஸ்டேட் ரிலே போட்டார். அதில் அசைகிற பாகமே கிடையாது. கட்டளை வந்ததும் உள்ளே ஒரு பொட்டு விளக்கு எரியும். அந்த வெளிச்சம் பட்டதும் எதிரே உள்ள சில்லு மின்சாரத்துக்கு வழிவிடும். தீப்பொறி இல்லை, தேய்மானம் இல்லை. ரொட்டி அடுப்பிலும் பிளாஸ்டிக் வார்க்கும் மெஷினிலும் இதைத்தான் வைக்கிறார்கள்.

"என்ன அண்ணே, பெட்டியில மூச்சுப் பேச்சே காணோம்?" என்றாள் தலைமை நர்ஸ்.

"சில வீட்டு மாப்பிள்ளை மாதிரிம்மா. வேலை நடக்கும், வாய் திறக்காது."

அந்த மாதமே அவருடைய மகளுக்குக் குறைமாதப் பிரசவம். பேத்தியைக் கிடத்த அந்தப் பெட்டிதான் காலியாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் நர்ஸ் கூப்பிட்டாள். "ஹீட்டர் விளக்கு அணைஞ்சிருக்கு அண்ணே. ஆனா சூடு ஏறிக்கிட்டே இருக்கு. குழந்தை உடம்பு கொதிக்குது."

அவர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். நர்ஸ் குழந்தையை வெளியே எடுத்துத் துணியை விலக்கினாள். உடம்பு தணிந்ததும் தாயின் நெஞ்சில் கிடத்தினாள்.

பழைய ரிலே கருகினால் பெரும்பாலும் ஹீட்டர் அணைந்துபோகும். சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டால், திறந்த வழி திறந்தபடியே நின்றுவிடும். வேலை செய்யும்போது இதுவும் சூடாகும்; சூடு மிஞ்சினால் கெட்டுவிடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அலுமினியக் கட்டி வேண்டும். அவரோ கைப்பழக்கத்தில், பழையது இருந்த பெயின்ட் அடித்த தகரத்திலேயே திருகிவிட்டார். கேட்டுக் கேட்டே பழகியவருக்குத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

"நீங்க மாட்டினதுதானேப்பா?" என்றாள் மகள்.

"நான் மாட்டினதுதான்."

புது ரிலே, அடியில் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை தடவிய அலுமினியக் கட்டி, சூடு மீறினால் ஹீட்டரைத் தனியே வெட்டிவிட இன்னொரு துண்டிப்பான் எல்லாம் வைத்து, பெட்டியைக் காலியாக ஓடவிட்டார்.

"சரியாத்தானே இருக்கு அண்ணே, குழந்தையைப் போடலாமா?" என்றாள் நர்ஸ்.

"இன்னும் ஒரு நாள் ஓடட்டும்மா. என்னை நம்பாதீங்க, தெர்மாமீட்டரைப் பாருங்க."

அடுத்த நாள் மகளே எழுந்து வந்தாள். பெட்டிக்குள் கையை விட்டாள், வெகுநேரம் எடுக்கவில்லை.

"கையைக் கழுவிட்டு வாங்கப்பா. நீங்களே கிடத்துங்க."

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்.