என் மகனுக்குக் கிடைக்காத பதில்

என் மகன் தேவராஜை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று நான் ஜெபத்தை நிறுத்தினேன். அங்கிருந்து தொடங்கினால்தான் இந்தச் சாட்சி உண்மையாக இருக்கும். சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். நம்முடைய நெய்யாற்றின்கரைத் தாலுகாவை மலையாளப் பக்கத்திலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள். தனுவச்சபுரத்தில் வாத்தியாராக இருந்த தேவராஜும் போனான். போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் அடித்தது. விட்டபோது தன் காலால்தான் நடந்து வந்தான்.

“ஒண்ணும் இல்லம்மா, வெறும் சதைவலி ஆக்கும்” என்றான்.

பிறகு சிறுநீரில் இரத்தம் போனது. காய்ச்சல் ஏறியது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடிபட்ட அன்றே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். நான் அவன் கட்டிலருகே முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, இவனை உயிரோடே எனக்குத் திருப்பித் தாரும்.” வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. அதையே சொன்னேன். அவன் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தவர்கள் தேவசித்தம் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எழும்பி உள்ளே போய்விடுவேன். சபை மூப்பர் ஒருவர், “அம்மச்சிக்கு வயசாச்சுல்லா, இனி ஒரு மூலையில இருந்து வேதம் வாசியுங்க” என்றார். மூலையில் இருந்தேன். வேதம் வாசிக்கவில்லை. கணவர் முன்பே இறந்துபோனவர். அறுபது தாண்டிய எனக்கு யாருக்காகச் சோறு வைப்பது என்று தெரியவில்லை. என்னையும் எடுத்துக்கொள்ளும் என்று மட்டும் கேட்டேன். அதையும் அவர் செய்யவில்லை.

அப்படி இருந்தபோது ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுச் சரசம் ஓடி வந்தாள். நிறைமாதம் அவளுக்கு. கோவிலுக்குப் போகிற குடும்பம், ஆனால் என் மகனின் பெட்டியைத் தூக்கிச் சுமந்தவர்களில் அவள் புருஷன் வேலாயுதனும் உண்டு.

“மாமி, ஊர்வலத்துல வச்சு எனக்க மாப்பிளய போலீசு பிடிச்சிட்டுப் போயிட்டானுவ. நேத்தே அடிச்சானுவளாம். ஆம்பிளய ஆரு போனாலும் அவங்களையும் உள்ள போடுதானுவ. நான் இந்த வயிறோட எப்பிடிப் போவேன்?”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னிடம் எதற்கு வந்தாள்? ஆனால் நேற்றே அடித்தார்கள் என்ற சொல் என்னை உட்காரவிடவில்லை. “நான் போறேன் மக்கா” என்று சொல்லிவிட்டேன். தூக்குப்பாத்திரத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு நடந்தேன்.

சந்தைக்கு எதிரே இருந்த ஸ்டேஷன் வாசலில் நின்ற போலீஸ்காரன் மறித்தான். உள்ளே இருந்து இன்னொருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “ஈ கிளவி எந்து செய்யான்? விட்டேக்கு” என்றான். இந்தக் கிழவியால் என்ன ஆகும், விடு என்று அர்த்தம். வாலிபர் ஒருவரையும் விடாத வாசலில் என்னை விட்டார்கள். மதிப்பினால் அல்ல. நான் ஒன்றுக்கும் ஆகாதவள் என்பதனால். சபையாரே, எனக்குக் கர்த்தர் திறந்த வாசல் இப்படிப்பட்டதுதான்.

வேலாயுதன் சுவரோரம் சுருண்டு கிடந்தான். நெற்றியைத் தொட்டேன், சுட்டது. மூத்திரம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “சொவப்பாட்டு போவுது மாமி” என்றான்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் எழும்ப மாட்டேன் என்றேன். இன்ஸ்பெக்டர் வந்து கத்தினார். மேஜையைத் தட்டினார்.

“எனக்க மவன் இப்பிடித்தான் செத்தான் சாரே” என்றேன். “நீங்க என்னையும் அடிக்கணுமெங்கில் அடியுங்க. சந்தையில உள்ளவங்க எல்லாம் பாத்துக்கிட்டு நிக்காங்க.”

வெளியே கூட்டம் கூடியிருந்தது. நரைத்த தலையுள்ள ஒருத்தியை இழுத்து வெளியே போட அவர்களுக்குக் கை வரவில்லை. நான் கண்ணை மூடினேன். அடக்கத்துக்குப் பிறகு முதல்முறையாக இன்னொருவருக்காக ஜெபித்தேன். “ஆண்டவரே, இவனை உயிரோடே திருப்பித் தாரும்.” அதே வார்த்தைதான்.

சாயங்காலம் அவனை வண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான். பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு நடந்து வந்தான். சரசம் என் காலைப் பிடித்து அழுதாள். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் வீட்டின் பின்னால் போய், தென்னையில் சாய்ந்து நின்று அழுதேன். அது ஸ்தோத்திரக் கண்ணீர் என்று சொன்னால் பொய். பொறாமை. ஒரே ஜெபம், ஒரே வாய். அவள் புருஷன் வந்தான். என் பிள்ளை ஏன் வரவில்லை?

எல்லையும் வந்தது. அந்தப் பக்கத்துத் தாலுகாக்கள் தமிழகத்தோடு போயின. நாம் மலையாளப் பக்கம் இங்கேயே கிடந்தோம். என் மகன் எதற்காக அடிபட்டானோ அது நமக்குக் கிடைக்கவில்லை. வேலாயுதன் குடும்பத்தோடு களியக்காவிளைக்கு அப்பால் தமிழகப் பக்கம் போய்க் குடியேறினான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். அவ்வளவுதான்.

ஆனாலும் ஸ்டேஷனில் உட்கார்ந்த அந்தப் பகலுக்குப் பிறகு நான் மூலைக்குத் திரும்பவில்லை. ஆள் இல்லாதவர்கள் யாராவது பிடிபட்டார்கள் என்றால் போனேன். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். தமிழோ மலையாளமோ, கவனிக்க ஆளில்லாமல் கிடக்கிறவர்கள் பக்கத்தில் இருக்கிறேன். என் சாவுக்காக நான் கேட்ட ஜெபத்தைத் தள்ளினாரே, அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம். இதை மனசார எழும்பிச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆனது. தேவராஜைப் பற்றிக் கேட்பதை நான் நிறுத்தவில்லை. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

என்னைப்போல் நரைத்தவர்களே, உங்களையும் மூலையில் இருக்கச் சொல்லியிருப்பார்கள். துக்கம் தீர்ந்த பிறகு ஊழியம் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். அது தீராது. தீராமலே வாருங்கள், அவர் அப்படியே கைபிடிக்கிறார். நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போக உதியன்குளங்கரையில் பஸ்ஸுக்கு நிற்பேன். பெண்கள் வார்டில் ஒருத்தி கிடக்கிறாள், இரண்டு மகன்கள் இருந்தும் ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. என்னிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாள். உங்களில் யாரிடமாவது பேசுவாள்.