குண்டடம் குப்பைமேட்டில் ஒரு கலர் கம்பெனி

இந்தப் பதிவில் வருபவை:
1. ஏன் போனேன்
2. வழியும் செலவும்
3. கொண்டுபோக வேண்டியவை
4. குண்டடத்தில் சோடாக் கம்பெனி ஒன்று இருந்தது என்பதற்கான ஆதாரம்
5. என் ஞாபகத்தில் பழுதில்லை என்பது

சிறுவயதில் தாராபுரம் போகும்போது, பஸ் ஜன்னல் வழியாகக் குண்டடத்தில் ஒரு பலகையைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை எனாமல் தகட்டில் நீல எழுத்து: ‘குண்டடம் கலர் கம்பெனி’. அதன் கீழே சிவப்பும் பச்சையுமாகப் பாட்டில்கள். விருந்தாளி வந்தால் கடைக்கு ஓடிப்போய்க் கலர், அதாவது கலர் சோடா, வாங்கி வந்து பழகியவன் நான். பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறியது.

இதைப் போன மாதம் இங்கே எழுதினேன். அப்படியொரு சோடாக் கம்பெனி எங்கள் ஊரில் இருந்ததே இல்லை என்று குண்டடத்துக்காரர் ஒருவர் பதில் போட்டார். பனியன் கம்பெனி நடத்தும் என் மகன் அதைப் படித்துவிட்டான். நான் சாவியை வைத்த இடம் மறப்பது, சொன்னதையே திரும்பச் சொல்வது எல்லாவற்றையும் இதோடு சேர்த்துப் பார்த்து, ஞாபகமறதிக்கு வைத்தியம் செய்யும் டாக்டரிடம் புதன்கிழமைக்கு டோக்கன் வாங்கினான். கல்லூரியில் வேதியியல் நடத்திய எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இல்லாத ஒன்றையா இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்?

குண்டடத்தின் பழைய குப்பைமேட்டை குடோன் கட்டச் சமன் செய்கிறார்கள் என்று தெரிந்தது. அதுவும் அதே புதன்கிழமை. வீட்டில் யார் பேச்சையும் தட்டாதவன், அன்று யாரிடமும் சொல்லாமல் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

திருப்பூரிலிருந்து சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். எல்லாத் தாராபுரம் பஸ்ஸும் குண்டடம் வழியாகப் போவதில்லை, கேட்டு ஏறுங்கள். டிக்கெட் 28 ரூபாய். அங்கிருந்து ஆட்டோவுக்கு எண்பது. இடத்துக்காரரிடம் முந்தின நாளே போனில் அனுமதி கேட்டிருந்தேன். சிரித்துவிட்டு, ஜேசிபி வரும்வரை தோண்டிக்கொள்ளச் சொன்னார்.

மேட்டில் முதலில் பிளாஸ்டிக். அதற்கடியில் மக்காமல் கிடக்கும் பனியன் வேஸ்ட். அதையும் தாண்டினால் சாம்பல் கலந்த மண். கண்ணாடி அங்கேதான் வரும். களைக்கொத்தால் மெதுவாகச் சுரண்டினேன். மருந்து பாட்டில், மை பாட்டில், கழுத்து உடைந்த கோலி சோடா பாட்டில் ஒன்று. அதில் ஊர்ப் பெயர் எதுவும் இல்லை.

ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தது. ஓட்டுநர் இளைஞர்.

“ஏனுங்க ஐயா, புதையலுங்களா?”

சிறுவயதில் பஸ்ஸிலிருந்து பார்த்த கலர் கம்பெனியைத் தேடுகிறேன் என்றேன்.

“சாயப்பட்டறைங்களா?”

“இல்லப்பா. குடிக்கிற கலர்.” வகுப்பில் தப்பாகப் பதில் சொன்னவனைத் திருத்தும் குரல் எனக்கு வந்துவிட்டது.

ஒதுங்கச் சொன்னார். நின்றால் ஒதுங்கிவிடுவேன் என்று பயந்து, தோண்டிய குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். “இந்த மூலைய கடைசியா எடுத்துக்கப்பா. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

“எங்கப்புச்சியே தேவலைங்க” என்று தன் தாத்தாவைச் சொல்லி முனகிக்கொண்டு மறுபக்கம் போனார்.

அப்போது மகனின் போன். எங்கே இருக்கிறேன் என்றான். சொன்னேன்.

“குப்பமேட்டுலயா? இன்னைக்கு டோக்கன்ங்கறது ஞாபகம் இருக்குதுங்களா இல்லீங்களாப்பா?”

“இருக்குது. அதனாலதான் வர்ல.”

போனை நானே வைத்தேன். இதுவரை அப்படிச் செய்ததில்லை.

பத்தரை மணிக்குக் களைக்கொத்து ஒரு தகட்டில் மோதியது. வெள்ளை எனாமல், நீல எழுத்து: ‘டடம் கலர் கம்பெனி’. மண்ணைத் துடைக்காமலே படமெடுத்து மகனுக்கு அனுப்பினேன். குழிக்குள் நின்று சத்தமாகச் சிரித்தேன்.

நான் குழியைவிட்டு ஏறியபின் ஓட்டுநர் அந்த மூலையையும் வாரினார். மண்ணோடு இன்னொரு துண்டு வந்தது. இறங்கிவந்து லுங்கியால் துடைத்துப் பார்த்தார். வெகுநேரம் சிரித்தபிறகு படித்துக் காட்டினார்: “நூலுக்கான சகல சாயங்களும் கிடைக்கும்.”

இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தபோது கச்சிதமாகப் பொருந்தின.

“நல்லவேளைங்க, அன்னைக்கு பஸ்ஸ விட்டு எறங்கி ஒண்ணு வாங்கிக் குடிக்கல நீங்க.”

போகிறவர்களுக்கு: தடித்த கையுறை, பூட்ஸ், தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு போங்கள். வெறுங்கையால் மண்ணைக் கிளறாதீர்கள். மேடு சமனாகிவிட்டது, இனி அங்கே எதுவும் கிடைக்காது. உங்கள் ஊர் மேட்டுக்கு ஜேசிபி வருமுன் நீங்கள் போய்விடுங்கள். வயதானவர்கள் போகக் கூடாது என்று யாராவது சொன்னால், போனை வைத்துவிடுங்கள்.

டோக்கனை அடுத்த வாரத்துக்கு மாற்றட்டுமா என்று மகன் மாலையில் கேட்டான். தகடு இரண்டையும் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். படித்தான். அதன்பிறகு கேட்கவில்லை.

மேலே நான்காவதாகச் சொன்னது தவறு. குண்டடத்தில் சோடாக் கம்பெனி இருந்ததில்லை. அந்தக் குண்டடத்து வாசகரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்தாவதில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன்.